டவுன் சிண்ட்ரோம்: கைக்குழந்தையின் முகத்தில் தெரிவதும் தெரியாததும்

பிறந்த இரண்டாம் நாள் மருத்துவர் குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார். கால் விரல்களுக்கு நடுவே பார்க்கிறார். பிறகு, "ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்" என்கிறார். சில வாரம் கழித்து வரும் அறிக்கையில் 47 என்று ஓர் எண், பக்கத்திலேயே +21. அதற்குள் வீடு இரண்டு கட்சியாகியிருக்கும். "தாத்தா சாயல், வேறொன்றும் இல்லை" என்பது ஒரு கட்சி. "ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்களே, இப்போது எப்படி?" என்பது இன்னொன்று. மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர் இந்தியில் சொன்னதும், அறிக்கை ஆங்கிலத்தில் சொன்னதும், ஊரிலிருந்து பாட்டி போனில் சொன்னதும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

டவுன் சிண்ட்ரோம் என்றால் என்ன, எதை வைத்துச் சந்தேகப்படுகிறார்கள், உறுதியான பிறகு முதல் ஒரு வருடத்தில் என்னென்ன நடக்க வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். பேச்செல்லாம் முகத்தைப் பற்றியே இருக்கும். ஆனால் அந்த முகத்தால் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவு தரக்கூடியவை இதயத்திலும் தைராய்டிலும் காதுக்குள்ளும் இருக்கின்றன.

## 47 என்பது என்ன கணக்கு?

உடலின் ஒவ்வொரு செல்லிலும் மரபுத் தகவல் குரோமோசோம் என்னும் இழைகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 23 ஜோடி, அதாவது 46. ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடி பிரிந்து ஒன்று மட்டும் உள்ளே போக வேண்டும். 21ஆம் ஜோடி பிரியாமல் இரண்டுமாகச் சேர்ந்து போய்விட்டால், கருவில் அந்தக் குரோமோசோம் மூன்றாகிவிடும். 46 என்பது 47 ஆவது இப்படித்தான்.

இந்த நிலையை 1866இல் முதலில் விவரித்து எழுதியவர் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர். பெயர் அவருடையது. 'டவுன்' என்றால் ஏதோ கீழே இறங்கிவிட்டது என்று பொருள் கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது தவறு. கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று பாரிஸில் கண்டறிந்து வெளியிட்டது 1959இல். மூன்று எண்ணிக்கையில் 21ஆம் குரோமோசோம் என்பதால்தான் மூன்றாம் மாதமான மார்ச்சின் 21ஆம் தேதியை உலக டவுன் சிண்ட்ரோம் தினமாக வைத்திருக்கிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு.

1. டிரைசோமி 21: மேலே சொன்ன வகை. நூற்றுக்குச் சுமார் 95 குழந்தைகளுக்கு இதுதான்.
2. டிரான்ஸ்லொகேஷன்: கூடுதல் 21 தனியாக நிற்காமல் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு மூன்று நான்கு. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது இந்த வகைதான் முக்கியம். கடைசியில் இதற்கு வருவோம்.
3. மொசைக்: சில செல்களில் 47, மற்றவற்றில் 46. நூற்றுக்கு ஒன்றிரண்டு.

ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும்: 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. ஆனாலும் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள். காரணம் எளிது, பிள்ளை பெறுபவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர்தான். "இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு இது எப்படி வரும்?" என்று மருத்துவரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கிரகணத்தில் வெளியே போனது, பப்பாளி தின்றது, மாடிப்படி ஏறியது என்று எதற்கும் இதில் பங்கில்லை. தாய்மாமனைக் கட்டியதால்தானா என்ற கேள்வி நம் வீடுகளில் கண்டிப்பாக எழும். சொந்தத் திருமணத்தால் கூடும் மரபு நோய்கள் வேறு ரகம். அங்கே அப்பா, அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் சேர்கிறது. இங்கே பழுதான மரபணு என்று ஒன்று இல்லை, எண்ணிக்கைதான் கூடிவிட்டது.

## ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

கர்ப்ப காலத்தில் செய்பவை இரண்டு ரகம். முதலாவது சலித்தெடுக்கும் சோதனை: 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துப் பின்புறத் திரவத்தின் அளவைப் பார்க்கும் ஸ்கேனும் அதோடு செய்யும் ரத்தச் சோதனையும். இது 'வாய்ப்பு இவ்வளவு' என்று மட்டுமே சொல்லும். நூற்றில் பத்துப் பதினைந்து குழந்தைகளை இது தவறவிடும். தாயின் ரத்தத்தில் குழந்தையின் மரபுத் துணுக்குகளைத் தேடும் என்ஐபிடி இதைவிடக் கூர்மையானது, ஆனால் அதுவும் சலித்தெடுப்பதே. இரண்டாவது ரகம் உறுதி செய்யும் சோதனை, அதாவது பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துக் குரோமோசோமையே எண்ணிப் பார்ப்பது.

ஐந்தாம் மாத ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும், குரோமோசோமைக் காட்டாது. இதயமும் குடலும் நன்றாக அமைந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தை அந்தத் திரையில் மற்றக் குழந்தைகள் போலவே தெரியக்கூடும். 'நார்மல்' என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் எல்லை எதுவரை என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் குறை.

## பார்த்தே சந்தேகப்படுவது எப்படி?

மருத்துவரும் செவிலியரும் தேடும் அடையாளங்கள் இவை:

1. உடல் துவண்டிருப்பது. பிறந்த குழந்தை கைகால்களை மடக்கி முறுக்கிக்கொண்டு கிடக்கும். இந்தக் குழந்தை துணி போலத் தொங்கும், தூக்கும்போது கைக்குள் நழுவுவதுபோல இருக்கும். எல்லா அடையாளங்களிலும் நம்பத் தகுந்தது இதுதான்.
2. தட்டையான முகவெட்டு, அமுங்கிய மூக்குத்தண்டு.
3. வெளிமுனை சற்று மேல்நோக்கிய கண்கள், உள்முனையில் ஒரு சின்னத் தோல்மடிப்பு.
4. சிறிய காதுகள், பின்கழுத்தில் தளர்ந்த தோல்.
5. உள்ளங்கையின் குறுக்கே ஒரே ரேகை, உள்பக்கமாக வளைந்த சுண்டுவிரல்.
6. கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பு வார் போகும் அளவு இடைவெளி.
7. அடிக்கடி வெளியே நீளும் நாக்கு. வாய் சிறியது, தசையும் தளர்ந்தது என்பதால்.

இதில் எது ஒன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. உள்ளங்கையில் ஒற்றை ரேகை எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் உண்டு, உங்கள் அலுவலகத்திலேயே யாருக்காவது இருக்கும். பல அடையாளங்கள் சேர்ந்து வரும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது. கருவிழியில் இருக்கும் என்று புத்தகத்தில் சொல்லும் சின்ன வெண்புள்ளிகள் நம்மைப் போன்ற கரிய கண்காரர்களிடம் சரியாகத் தெரியாது. பிரசவ வீக்கத்தில் முதல் சில நாள் எந்தக் குழந்தையின் கண்ணும் இடுங்கித்தான் இருக்கும். அதனால் ஊரில் சிறிய ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குச் சந்தேகமே ஆறாம் மாதம், எட்டாம் மாதம், தலை நிற்கவில்லை என்ற பிறகு எழுவதும் உண்டு.

சந்தேகத்தை முடிவுக்குக் கொண்டுவருவது குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் சோதனை. கொஞ்சம் ரத்தம் போதும். செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரமென்றால் ஃபிஷ் என்ற சோதனை சில நாளில் பதில் தரும். ஆனால் அதில் மூன்று இருக்கிறது என்று தெரியுமே தவிர எந்த வகை என்று தெரியாது, கேரியோடைப் எப்படியும் வேண்டும். அறிக்கை வரட்டும் என்று அடுத்த பகுதியில் உள்ள சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தேகம் வந்த அன்றே அவை தொடங்க வேண்டும்.

## இதயம்: காதுக்குக் கேட்காத ஓட்டை

இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. "டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், சத்தம் ஒன்றும் இல்லையாம்" என்பது ஆறுதலே அல்ல. ஏன் என்று புரிந்துகொள்வது அவசியம்.

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்யாது, அங்கே ரத்த அழுத்தம் அதிகம். பிறந்த பிறகு அந்த அழுத்தம் உடனே இறங்காது, சில வாரங்களில் மெல்ல இறங்கும். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருந்தாலும், இரண்டு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் வரை ரத்தம் பாய்வதில்லை, சத்தமும் கேட்பதில்லை. அழுத்தம் இறங்கிய பிறகு இடப்பக்க ரத்தம் ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்புகிறது. அப்போதுதான் மூச்சு வாங்கும், பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், நாலு வாய் உறிஞ்சிவிட்டு விட்டுவிடும், எடை ஏறாது.

அடுத்து வருவதுதான் ஏமாற்றுக் கட்டம். இப்படிப் பாயும் ரத்தத்தைத் தாங்க முடியாமல் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப்போகின்றன, அழுத்தம் மறுபடி ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பாய்ச்சல் குறையும். பாய்ச்சல் குறைந்தால் குழந்தை நிம்மதியாக மூச்சுவிடும், கொஞ்சம் எடையும் கூடும். "பாருங்கள், தானாகவே சரியாகிவிட்டது" என்று வீடு சந்தோஷப்படும் அந்த வாரங்களில்தான் அறுவை சிகிச்சைக்கான கதவு சாத்திக்கொண்டிருக்கும். குழாய்கள் ஓர் அளவுக்கு மேல் இறுகிவிட்டால் ஓட்டையை அடைக்கவே முடியாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. மேலறை, கீழறை, வால்வு மூன்றும் சம்பந்தப்பட்ட ஏவிஎஸ்டி என்ற குறைக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாத வயதுக்குள் அறுவை செய்வது இதனால்தான்.

ஆகவே சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதல் மாதத்துக்குள் ஒரு எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வளர்ந்த நாடுகளில் 1980களின் தொடக்கத்தில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது அளவில்தான் இருந்தது. இன்று அது 60ஐத் தொட்டிருப்பதற்கு உரிய நேரத்தில் நடக்கும் இதய அறுவை பெரிய காரணம்.

## மற்றச் சோதனைகள்

1. தைராய்டு. பிறந்ததும் ஒன்று, ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தையும் துவளும், தூங்கும், மலச்சிக்கல்படும், நாக்கை நீட்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தையிடமும் இதே குணங்கள்தான். பார்த்துப் பிரித்தறிய முடியாது, ரத்தத்தில் பார்த்தால்தான் உண்டு. மருந்து தினம் ஒரு சின்ன மாத்திரை. கொடுக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும்.
2. காது. முதல் மாதத்தில், காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓஏஇ அல்லது பெரா சோதனை. தேறிவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி. காதுக்குழாய் குறுகல் என்பதால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். 'மந்தமாக இருக்கிறான்' என்று சொல்லப்படும் பிள்ளைக்குச் சில சமயம் காதுதான் கேட்டிருக்காது.
3. கண். பிறந்ததும் கண்புரைக்கான ஒளிச் சோதனை, ஆறு மாதத்துக்குள் குழந்தைகள் கண் மருத்துவர்.
4. ரத்த அணுக்கள். முதல் சில நாளிலேயே ஒரு முழு ரத்த எண்ணிக்கை. பத்தில் ஒரு குழந்தைக்கு வெள்ளணுக்கள் தற்காலிகமாக நிலைதடுமாறும். பெரும்பாலும் அது தானாக அடங்கும், ஆனால் கண்காணிப்பு தேவை.
5. குடல். பச்சை நிற வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. பிறந்து 48 மணி நேரத்தில் கருமலம் போகவில்லை என்றாலும் அப்படியே. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாத ஒரு நோய் இவர்களிடம் அதிகம். வெற்றிலைக் காம்பை வைத்து மலம் வரவழைக்கும் பழக்கம் அந்த நோயை மாதக்கணக்கில் மறைத்துவிடும்.

## தாய்வீட்டுக்கும் மும்பைக்கும் நடுவே

மும்பைத் தமிழர்களுக்கென்றே ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. பிரசவத்துக்குப் பெண் ஊருக்குப் போகிறாள், திருநெல்வேலிப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ பிள்ளை பிறக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ரயிலேறித் திரும்புகிறார்கள். ஊர் மருத்துவர், "மும்பை போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். வந்த இடத்தில் வீடு மாற்றம், தண்ணீர் நேரம், மூத்தவனின் பள்ளி என்று இன்னும் இரண்டு மாதம் ஓடும். மேலே சொன்ன இதயக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறுவைக்கு ஏற்ற மாதங்கள் அத்தனையும் இந்தப் பயணத்தில் கரைகின்றன.

எக்கோவை ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். எக்கோ அறிக்கை, தைராய்டு அளவு, கேரியோடைப் தாள், எடைக் குறிப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவை அசலாகவே கையில் வர வேண்டும், போனில் எடுத்த மங்கலான படம் போதாது. ஓட்டை இருக்கிறது என்றால் தொட்டில் போடுவதற்கு நல்ல நாள் பார்ப்பதைவிட இதய மருத்துவரிடம் நாள் வாங்குவது முந்திக்கொள்ளட்டும்.

மும்பையில் போக வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை, பரேலில் கேஇஎம் மருத்துவமனையும் குழந்தைகளுக்கான வாடியா மருத்துவமனையும், காது பேச்சு தொடர்பானவற்றுக்குப் பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும், பிறவி இதய நோயும், பிறவிச் செவிக்குறையும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சிகிச்சைச் செலவு பற்றிப் பேசும்போது அந்தத் திட்டத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

## பால், குளியல், தூளி

தாய்ப்பாலே போதும், முடியாது என்று முதல் நாளே முடிவு கட்ட வேண்டாம். குழந்தை பசிக்கு அழாமல் தூங்கும், அதுதான் சிக்கல். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை எழுப்பிக் கொடுக்க வேண்டும். மார்பை ஏந்தும் கையின் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் குழந்தையின் தாடையையும் கன்னத்தையும் தாங்கிப் பிடித்தால் உறிஞ்சுவது எளிதாகும். உறிஞ்சிக் களைத்துவிட்டால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கலாம், குழந்தையை நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. இவர்களுக்கென்று தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. பொது அட்டவணையோடு ஒப்பிட்டு 'எடை போதவில்லை' என்று பதறி ஆறு மாதத்துக்கு முன்பே கஞ்சி ஊட்டிவிடுவதை அது தடுக்கும்.

குளிப்பாட்டும் பாட்டிகளிடம் பணிவாகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கும். மூக்கு எடுப்பாக வர வேண்டுமென்று பிடித்துவிடுவதால் மூக்குத்தண்டு உயராது, எலும்பின் அமைப்பே அப்படி. மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலில் கொண்டுவிடும். இவர்களுக்குக் கழுத்து மூட்டு தளர்ந்தது, தலைகீழாகத் தொங்கவிடுவது, கழுத்தைச் சொடுக்கெடுப்பது கூடவே கூடாது. எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவிவிடுவதில் தவறில்லை.

தூளி தூங்குவதற்கு இருக்கட்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க அதில் கிடந்தால் துவண்ட உடம்பு இன்னும் துவண்டுதான் போகும். கண் பார்வையில் வைத்துக்கொண்டு தரையில் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வையுங்கள், முதலில் ஓரிரு நிமிடம், நாளைக்குப் பல தடவை.

## பயிற்சியும், எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வியும்

தசைப் பயிற்சியை முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கிவிடலாம். இதய மருத்துவர் சரி என்றால் போதும். இந்தக் குழந்தைகள் உட்காருவது சராசரியாகப் பதினோராம் மாத அளவில், நடப்பது இரண்டு வயதை ஒட்டி. சராசரிக்கு இரண்டு பக்கமும் நிறைய இடம் இருக்கிறது, நான்கு வயதில் நடந்தவர்களும் உண்டு. பயிற்சியால் நாள்கணக்கு ஒரேயடியாக மாறிவிடாது. கோணலாக உட்காரவும், கால்களை அகட்டி நகரவும் பழகிக்கொள்வதைத் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம்.

அப்புறம் மொழி. "பிள்ளைக்கு ஏற்கெனவே தாமதம், வீட்டில் இந்தியோ ஆங்கிலமோ ஒன்றை மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரை மும்பையில் தாராளமாகக் கிடைக்கும். இருமொழி கேட்டு வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டாம் மொழியால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தடுக்காமல் வரும் மொழியில்தான் அதிகம் பேச முடியும், தாலாட்ட முடியும், கொஞ்ச முடியும். இந்தக் குழந்தைகளுக்குப் புரிவது முந்தியும் பேச்சு பிந்தியும் வரும். அந்த இடைவெளியைச் சைகை நிரப்பும்: சாமி கும்பிடு, டாட்டா காட்டு, கையை விரித்துக் 'காணோம்' சொல்லு. இதையெல்லாம் நாம் விளையாட்டு என்கிறோம், பேச்சுப் பயிற்சியாளர் பாடம் என்கிறார். தமிழைத் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

குரோமோசோமை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. ஸ்டெம் செல் செலுத்தினால் அறிவு வளரும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட நிலைகளுக்கு அதை வழக்கமான சிகிச்சையாகத் தர அனுமதிக்கவில்லை.

## காகித வேலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் அறிவுசார் குறைபாடு அங்கீகரிக்கப்பட்ட ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள், வயது ஏறிய பின் மறு மதிப்பீடு உண்டு. முகவரி ஆதாரம் ஊரிலா மும்பையிலா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், பல விண்ணப்பங்கள் அங்கேதான் நின்றுபோகின்றன. சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், முன்கூட்டி மருத்துவச் சோதனை கேட்பதில்லை. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய்க் கழிவும் உண்டு.

## அடுத்த குழந்தைக்கும் வருமா?

விடை கேரியோடைப் தாளில் இருக்கிறது. வெறும் டிரைசோமி 21 என்றால் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அளவில், தாயின் வயது அதிகமென்றால் அந்த வயதுக்குரிய அளவில். பெற்றோருக்குச் சோதனை தேவையில்லை.

டிரான்ஸ்லொகேஷன் என்று எழுதியிருந்தால் கணவன், மனைவி இருவரும் கேரியோடைப் செய்துகொள்ள வேண்டும். பலருக்கு இருவர் அறிக்கையும் சரியாகவே வரும், அப்போது வாய்ப்பு மிகக் குறைவு. தாயிடம் அந்த ஒட்டு இருந்தால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து, தந்தையிடம் இருந்தால் அதைவிட நன்றாகவே குறைவு. இரண்டு 21ஆம் குரோமோசோம்களே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அபூர்வ வகையில் மட்டும் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ஒட்டு யாரிடமாவது இருப்பது தெரிந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ஊரில் அடுத்த கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைக்கும் சேர்த்துத்தான்.